மூன்று ஜன்னல்களும் ஒரு நன்றியுரையும்

ஜான்பீட்டர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நினைத்தான்.

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுப் பக்கம், மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சிற்றாலயம் இருக்கிறது. ஓட்டுக்கூரை, நாலைந்து வரிசை பெஞ்சுகள், பள்ளிக்கூடத்து மணி அளவுக்கு ஒரு மணி. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர் குடும்பங்களும், அடிவாரத்து ஊர்க்காரர்கள் சிலரும் ஞாயிறுதோறும் அங்கே கூடுவார்கள். ஜான்பீட்டர் அதன் செயலர். பிழைப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். செயலர் தேர்தல் நடந்த அன்று அவனுக்குக் காய்ச்சல். வராதவனால் மறுக்க முடியாது என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அந்தச் சிற்றாலயத்தில்தான் தை மாதம் அவனுக்கும் மெர்சிக்கும் கல்யாணம் என்று பேச்சு. மெர்சி முள்ளுக்குறிச்சியில் பள்ளி ஆசிரியை. வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் ஒருத்தி கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். சுகாதார நிலையத்துக்குப் பஞ்சு கேட்டு வந்த மெர்சி, அவன் பதிவேட்டில் எழுதி முடிப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங்க, இத்தன எழுதறதுக்குள்ள புண்ணு தானா ஆறிப்போயிருமுங்க" என்றாள். அன்றிலிருந்து ஜான்பீட்டருக்குப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் ஒழுங்காக இருந்தது. மனசு முள்ளுக்குறிச்சி வண்டியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சிற்றாலயத்தின் பக்கச் சுவரில் மூன்று ஜன்னல்கள். மரக்கதவுகள் உளுத்து, மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது. முள்ளுக்குறிச்சியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் பார்த்துவிட்டு, "சாதா கண்ணாடி போட்டுரலாம் தம்பி. வியாழக்கெழம வாரேன், வெள்ளிக்கெழம தொழுகைக்கு முன்னால முடிச்சுட்டு எறங்கிருவேன்" என்றார். விலையும் நியாயம். சபையாரும் சரி என்றார்கள்.

அந்த வியாழக்கிழமை வருவதற்குள் ஜான்பீட்டர், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, சமவெளியில் இருக்கும் பேராயரின் திருமண்டல அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு எழுதினான்.

அலுவலகத்தில் வெகுகாலமாக யாரும் எதற்கும் அனுமதி கேட்டிருக்கவில்லை போலும். பதிலுக்குப் பதிலாக ஆட்களே வந்துவிட்டார்கள்.

சாளரப் பரிந்துரைக் குழு என்று அதற்குப் பெயர். தலைவர் அருட்திரு ஞானசிகாமணி. உடன் சொத்து அலுவலரும் உறுப்பினர்கள் நாலைந்து பேரும். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, இறங்கியதும் ஆளுக்கொரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள். ஜெபித்தார்கள். கோழிக் குழம்பு சாப்பிட்டார்கள். பிறகு தலைவர் ஜன்னல் முன்னால் நின்று பேசினார்.

"ஜன்னல் வெளிச்சம் வருவதற்காக என்று சாதாரண ஜனங்கள் நினைக்கிறார்கள். வெளிச்சத்தைச் சூரியன் கொடுக்கும். ஜன்னலை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது சாதாரணக் கண்ணாடியைக் கொடுத்தால் கொடுத்தது யாருக்குத் தெரியும்? இந்த மலைக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வரும். மேய்ப்பர் ஆட்டைத் தோளில் சுமக்கிற மாதிரி. சுற்றுலா வருகிறவர்கள் கேட்பார்கள், இதை யார் செய்தது என்று."

"ஐயா, தை மாசம் ஒரு கல்யாணம் இருக்குது" என்றான் ஜான்பீட்டர்.

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"மகிழ்ச்சி. நல்ல ஜன்னலுக்குக் கீழே நடக்கும்" என்று தோளைத் தட்டினார் தலைவர்.

சொத்து அலுவலர் மரக்கதவுகளைக் கழற்றச் சொன்னார். உளுத்ததானாலும் அது திருமண்டலச் சொத்து. அலுவலகத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். ஜன்னல்களை அளந்து எழுதிக்கொண்டு, கதவுகளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். சுவரில் மூன்று ஓட்டைகள் மிச்சம். போகும்போது சொத்து அலுவலர் வாசல்கதவில் ஒரு தாளை ஒட்டினார். சிற்றாலயம் புனரமைப்பில் இருப்பதால், பேராயர் வந்து மறுபடி பிரதிஷ்டை செய்யும்வரை இங்கே திருமணம், திருமுழுக்கு எதுவும் நடக்கலாகாது.

மழை வந்தது. முன்பெஞ்சுக்காரர்கள் குடையோடு ஆராதனைக்கு வந்தார்கள். பாட்டுப் புத்தகங்களில் பூஞ்சை பூத்தது. ஒரு ஞாயிறு, மேகம் உள்ளே புகுந்து பீடத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. மாதத்துக்கு இரண்டு முறை மலையேறி வரும் போதகர் குழந்தைசாமி, குரல் மட்டுமாக இருந்து ஆசீர்வாதம் கூறினார்.

வேறு ஆலயத்தில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று ஜான்பீட்டர் கேட்டுப் பார்த்தான். வைக்கலாம், அதற்குச் சொந்த ஆலயத்திலிருந்து சம்மதக் கடிதம் வேண்டும். புனரமைப்பில் இருக்கும் ஆலயம் கடிதம் கொடுக்கக் கூடாது.

மெர்சியின் அப்பா கலைமணி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எதுவும் நேரத்துக்கு எடுக்க வேண்டும் அவருக்கு. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கலாம்னு சொல்லுதுங்க இதுக ரெண்டும். சர்ச்சுல கட்டாம என்ன கல்யாணம் அது? டிக்கெட் எடுக்காம வண்டில போற மாதிரி" என்றார். "ஆனா மாப்ள, தை மாசத்தத் தாண்டுனா லெந்து நாள், தவக்காலம் வந்துருது. ஈஸ்டர் முடியிற வரைக்கும் எந்தப் பாஸ்டரும் தாலி எடுத்துக் குடுக்க மாட்டாரு. பாத்துக்கங்க."

"பாத்துக்கறேனுங்க மாமா."

"என்னத்தப் பாப்பீங்க?" என்றாள் மெர்சி, அடுக்களையிலிருந்து. "ஓட்ட வழியா மேகத்தப் பாப்பீங்க."

ஷேக் பரீத் அந்த வேலையை விடவில்லை. வண்ணக் கண்ணாடி எங்கே கிடைக்கும் என்று சேலத்தில் விசாரித்து, மாதிரித் துண்டுகள் ஒரு மரப்பெட்டி நிறையக் கொண்டுவந்தார். குழு மறுபடி மலையேறியது. இந்த முறை வண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதற்கென்று ஓர் உபகுழுவும் கூட வந்தது. சட்டமன்றத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

பரீத் முதலில் சிவப்புத் துண்டை ஜன்னல் ஓட்டையில் தூக்கிக் காட்டினார். மேய்ப்பரின் அங்கிக்கு. வெயில் அதன் வழியே விழுந்து தரையெல்லாம் மாதுளை உரித்த மாதிரி ஆயிற்று. ஜான்பீட்டருக்கு அந்த வெளிச்சத்தில் மெர்சியை வெள்ளைப் புடவையில் நிறுத்திப் பார்க்கத் தோன்றியது.

"அழகு" என்றார் உபகுழுவில் ஒருவர். "ஆனால் கூட்டத்தில் அரசு ஊழியர்கள் உட்காருகிறார்கள். நாளைக்கு யாராவது போட்டோ எடுத்து, தொழிற்சங்கக் கொடி என்று போட்டுவிட்டால்?"

சிவப்பு பெட்டிக்குள் போயிற்று. மஞ்சள் வந்தது. மஞ்சள் ஒரு சாதிச் சங்கத்துக்கு என்றார்கள். நீலம் இன்னொரு சங்கத்துக்கு. பச்சையைத் தூக்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பரீத்தைப் பார்த்தார்கள்.

"நான் கண்ணாடி விக்கறேனுங்க, அவ்வளவுதான்" என்றார் அவர், பச்சையைத் துணியில் சுற்றியபடி.

காவி பற்றி யாரும் பேசவே இல்லை. கறுப்பு சிவப்புக்குப் பக்கத்தில் வரக் கூடாது, வெள்ளை இரண்டுக்கும் நடுவில் வரக் கூடாது என்று தீர்மானமாயிற்று. ஊதா தவக்காலத்து நிறம், ஆண்டு முழுக்கத் தவக்காலமாக இருக்க முடியாது. ஆட்டுக்காவது நிறம் கொடுக்கலாமா என்று கேட்டான் ஜான்பீட்டர். "வெள்ளாடா செம்மறியா என்று முதலில் முடிவாகட்டும். இந்த ஊரில் செம்மறி கிடையாது, வெள்ளாடு வேதத்தில் சபிக்கப்பட்டு இடதுபக்கம் நிற்பது" என்றார் தலைவர்.

மதியம் தாண்டியதும் ஜான்பீட்டர் பரீத்தின் காதருகே போய்க் கேட்டான். "பாய், யாரும் எடுத்துக்காத கலர் ஏதாச்சும் இருக்குதா?"

பரீத் பெட்டியின் அடியில் துழாவி, பால் சிந்திய மாதிரி மங்கலான ஒரு துண்டை எடுத்தார். "இது ஒண்ணுதான் தம்பி. பாத்ரூமுக்குப் போடறது."

அதையும் தூக்கிக் காட்டினார்கள். குழு நீண்ட நேரம் பார்த்தது. ஆட்சேபிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் அதில் ஆட்சேபம். கடைசியில் தலைவர் தலையை ஆட்டினார். "நிறமே இல்லாத கண்ணாடிக்குப் பேராயர் வந்து பிரதிஷ்டை செய்தால் அவருக்கு என்ன மரியாதை? நிறங்கள் குறித்து மேல்முறையீட்டுக் குழு ஒன்று அமைப்போம். பேராயரிடம் தேதியை மட்டும் இப்போதே வாங்கிவிடலாம். அவர் தேதி கிடைப்பது கஷ்டம், கண்ணாடி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்."

தேதி கிடைத்தது. தை மாதக் கடைசியில் ஒரு நாள். மூன்று மணிக்குப் பிரதிஷ்டை, நான்கு மணிக்கு அதே இடத்தில் முதல் நிகழ்ச்சியாகச் செயலரின் திருமணம். ஜான்பீட்டர் ஃபோனில் மெர்சியிடம் சொன்னான். "ஏனுங்க, நெசமாத்தானா?" என்று கேட்டாள். பிறகு அழுதாள். அவள் அழுது அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. கைக்கெட்டாத தூரத்தில் அழுகிறவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், "தண்ணி குடி" என்றான்.

பிரதிஷ்டைக்கு முந்தின வாரம் லாரி வந்தது. கண்ணாடி வந்துவிட்டது என்று ஜான்பீட்டர் சுகாதார நிலையத்திலிருந்து ஓடினான். லாரியில் இருந்தது கருங்கல். பளபளவென்று இழைத்த மூன்று கல்வெட்டுகள், தங்க எழுத்தில். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இந்நாளில் பிரதிஷ்டை செய்யப்பட்டன என்று தொடங்கி, பேராயர், தலைவர், குழு, உபகுழு, மேல்முறையீட்டுக் குழு, முன்னாள் தலைவர்கள் என்று மூன்று கல்லுக்கும் பெயர்கள் வழிந்தன. கல் அடிப்பவர் அளவு கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் இருந்த அளவு ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு ஜன்னலை அளந்து எழுதியது.

இவ்வளவு பெரிய கற்களைப் பதிக்கச் சுவரில் இடம் இல்லை. அடிக்கல் நாட்டிய கல், மின்சாரம் வந்த கல், குழாய் வந்த கல், அந்தக் குழாயைப் பழுது பார்த்த கல் என்று முன்சுவர் ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஜான்பீட்டர் தலைவரை அழைத்து நிலைமையைச் சொன்னான்.

"கண்ணாடி வர இன்னும் நாள் ஆகும். அதுவரை தற்காலிகமாக ஜன்னல்களிலேயே வைத்துவிடுங்கள்" என்றார் தலைவர். "காற்றும் வராது."

கற்கள் ஓர் இம்மி பிசகாமல் பொருந்தின. கொத்தனார் கருப்பண்ணன் சந்துகளில் சிமெண்டை அப்பிவிட்டு, "இனி யானை வந்து தள்ளுனாலும் அசையாதுங்க சார்" என்றார் பெருமையாக. ஷேக் பரீத் வந்து கல்லை விரலால் தட்டிப் பார்த்தார். "என் வேலைய இது செஞ்சுருச்சு" என்றார். "கல்யாணத்துக்கு வாரேன் தம்பி. எங்க வீட்டம்மா நஜிமாவும் வாராங்க."

பிரதிஷ்டை நாளும் வந்தது. உள்ளே பகலிலும் இருட்டு என்பதால் ட்யூப் லைட் கட்டியிருந்தார்கள். மெர்சி வெள்ளைப் பட்டில், தலையில் முல்லைச் சரத்தோடு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பேராயர் வரத் தாமதம். வந்தார், நாடாவை வெட்டினார், மூன்று கற்களையும் தடவி ஜெபித்தார், மலையிறங்க நேரமாகிறது என்று உடனே கிளம்பினார். நல்லவர். எதையும் திறந்து வைத்துவிட்டு உடனே போய்விடுவார்.

மற்றவர்கள் போகவில்லை. கல்லில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் பேச வேண்டும் என்பது முறை. பேசினார்கள். தலைவர் முத்தாய்ப்பாகப் பேசினார்.

"இந்தச் சபையார் எங்களிடம் கேட்டது சாதாரணக் கண்ணாடி. கொடுத்திருந்தால் வேலை அந்த வாரமே முடிந்திருக்கும். முடிந்திருந்தால் நாங்கள் இத்தனை முறை இந்த மலைக்கு வந்திருப்போமா? இத்தனை பேர் உழைத்திருப்போமா? ஒரு ஜன்னலுக்காக மூன்று குழுக்கள் உழைத்தது இந்தத் திருமண்டல வரலாற்றிலேயே இல்லை. கண்ணாடி இன்னும் வரவில்லை என்று சிலர் குறை சொல்லலாம். கண்ணாடி உடையும். கல் நிற்கும்."

கைதட்டினார்கள். கலைமணி கையைத் தட்டாமல் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஜான்பீட்டருக்குப் புரியவில்லை. போதகர் குழந்தைசாமி பின்னாலிருந்து குனிந்து, "தம்பி, கிறிஸ்தவக் கல்யாணத்த சாயங்காலம் ஏழு மணிக்குள்ள முடிக்கணும். சட்டம். ஏழு தாண்டுனா என்னால நடத்த முடியாது" என்றார்.

"இப்ப மணி என்னங்க பாஸ்டர்?"

"ஆறர ஆகப்போகுது."

வெளியே பொழுது சாய்ந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிவதற்கு அந்தச் சுவரில் வழி இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. நன்றியுரை, செயலர் ஜான்பீட்டர். மாப்பிள்ளைக் கோட்டோடு எழுந்து ஒலிபெருக்கி முன்னால் போய், "வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி" என்றான். திரும்பினான். தலைவர் கோட்டு நுனியைப் பிடித்தார்.

"பெயர் சொல்லாமல் என்ன நன்றி? எல்லாரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். கல்லைப் பார்த்து வாசியுங்கள். வரிசை மாறக் கூடாது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை இருக்கிறது."

ஜான்பீட்டர் முதல் ஜன்னலுக்குப் போனான். தங்க எழுத்து ட்யூப் லைட்டில் கூசியது. கனம் பொருந்திய, மாண்புமிகு, மேதகு என்று ஒவ்வொரு பட்டமாக வாசித்தான். பெயருக்கு உரியவர் எழுந்து வந்தார். பொன்னாடை போட்டான். அவர் அதை எடுத்து அவனுக்கே திருப்பிப் போட்டு, போட்டோவுக்கு நின்றார். போட்டோகிராபர், "ஒரு நிமிஷம் சார், கண்ண மூடிட்டீங்க" என்றார்.

இரண்டாவது ஜன்னலுக்கு வந்தபோது ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். "என்னை முன்னாள் பொருளாளர் என்று வாசித்தீர்கள். போன வாரம் மறுபடியும் பொறுப்பேற்றுவிட்டேன்."

"அப்படியானால் அவர் முதல் கல்லுக்கு மேலே வர வேண்டும்" என்றார் தலைவர். "வரிசை தவறிவிட்டது. பரவாயில்லை தம்பி, முதலிலிருந்து."

"ஐயா, ஏழு மணிக்குள்ள..."

"நன்றி சொல்வதற்கு நேரம் பார்க்கலாமா?"

அது வரைக்கும் எதையும் பாதியில் விட்டுவிட்டு வந்த பழக்கம் ஜான்பீட்டருக்கு இல்லை. முதல் ஜன்னலுக்குத் திரும்பிப் போகும் வழியில் மெர்சியைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையை அசைத்தாள். போகாதீர்கள் என்றா, சீக்கிரம் முடியுங்கள் என்றா என்று அவனுக்கு விளங்கவில்லை. போனான். வேகமாக வாசித்தான். வேகமாக வாசித்ததில் ஒரு மேதகு விட்டுப்போக, அதைத் தலைவர் நினைவூட்டினார். கலைமணி எழுந்து நின்று, பஸ் புறப்படும்போது செய்வதைப்போல இரண்டு விரலை வாயில் வைத்தார். ஆலயம் என்பது நினைவுக்கு வந்து எடுத்துவிட்டார். மூன்றாவது ஜன்னலின் அடிவரி வரை ஜான்பீட்டர் வந்து சேர்ந்தபோது அவன் கழுத்தில் பொன்னாடைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன, தலையைத் திருப்ப முடியவில்லை. உடம்பையே திருப்பித்தான் போதகரைப் பார்த்தான்.

போதகர் புத்தகத்தை மூடி மடியில் வைத்திருந்தார்.

"ஏழு அஞ்சு" என்றார். "என்னால ஆகாதுப்பா. நாளைக்கு நடத்தலாம்னா, சபைல கல்யாண அறிவிப்பு ஓலைல வாசிச்ச தேதி இன்னிக்கு. அலுவலகத்துல புதுத் தேதி வாங்கி, மறுபடி மூணு ஞாயிறு ஓல வாசிக்கணும். அதுக்குள்ள லெந்து வந்துரும்."

"பேராயரு நெனச்சா சிறப்பு அனுமதி குடுக்கலாமுங்களே?" என்றார் கலைமணி.

"குடுக்கலாமுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமே, அவரு இன்னேரம் நாமக்கல் தாண்டியிருப்பாரு."

தலைவர் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். "நம்முடையது சட்டத்தை மதிக்கிற சபை. ஈஸ்டர் முடிந்ததும் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், நானே குழுவில் வைக்கிறேன்" என்றார். சமைத்தது வீணாகக் கூடாது என்பதால் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். பந்தியில் தலைவர் மெர்சியைக் கூப்பிட்டு, பதினாறும் பெற வாழ்த்தினார். மெர்சி, "சரிங்க ஐயா" என்றாள். நஜிமா அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யாரும் எதுவும் கேட்காதபடி பார்த்துக்கொண்டாள்.

கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மெர்சி வீட்டார் பாத்திர மூட்டைகளோடு ஏறினார்கள். மெர்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜன்னல் ஷட்டரை இறக்கப் பார்த்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஜான்பீட்டர் கீழே நின்றபடி கையை நீட்டி இழுத்தான். அசையவில்லை. அவள் விரல்கள் அவன் விரல்களுக்கு மேல் வந்து உட்கார்ந்தன. குளிரில் விறைத்த விரல்கள்.

"ஏனுங்க, நான் தலைய ஆட்டுனது பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் போனீங்க?"

அவன் ஷட்டரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியே குனிந்தாள். கோபப்பட ஆரம்பித்து, பொன்னாடைகளுக்கு நடுவில் சிக்கியிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும், முடிக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ராவுக்குக் காத மூடிப் படுங்க. பனி ஏறுது" என்றாள்.

கண்டக்டர் பின்படியில் வந்து நின்று மணப்பெண்ணைப் பார்த்தார். கீழே நின்றவனைப் பார்த்தார். "என்னங்க மாப்ள, புதுப்பொண்ண ஏத்திவுட்டுட்டு நீங்க நிக்கறீங்க. ஏறுங்க, எடம் இருக்குது."

"இன்னும் ஆகலீங்க" என்றான் ஜான்பீட்டர்.

"ஆகலியா? கழுத்து நெறைய இத்தன போட்டிருக்கறீங்க?"

"இது நன்றியுரைக்குப் போட்டதுங்க."

கண்டக்டர் கலைமணியைப் பார்த்தார். கலைமணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விசிலை எடுத்து, வழக்கத்தைவிட மெதுவாக ஊதினார்.